பலகைச் சுவர் அறைகளுக்கு வெளிச்சம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு வெளிச்சம் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கணிசமானவை மரப்பலகை பதித்த சுவர்களைப் பற்றியவை. சிலருக்கு அது தாத்தா கட்டிய வீடு. சிலருக்கு அது வாடகை வீட்டுக்காரர் விட்டுச் சென்ற அலங்காரம். ஒருவருக்கு அது கடல் கடந்து வாங்கிய வீட்டின் நிலவறை. ஆனால், “அறை இருட்டடைந்து கிடக்கிறது, வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடலாமா?” என்பதே பெரும்பாலான கடிதங்களின் கேள்வி. மரத்தின் மேல் பழியைப் போடுமுன் அந்த அறைக்குள் வெளிச்சம் எந்த வழியாக வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயின்ட் டப்பாவைத் திறப்பது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு ஓட்டு வீடு. நடு அறைகள் இரண்டிலும் சுவருக்குப் பதிலாகப் பலகை நிரைதான். மேலேயும் பலகைத் தட்டு. பலா மரமும் அயினி (காட்டுப்பலா) மரமும் என்று அப்பா சொல்வார். நண்பகலில்கூட விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வயதான அம்மா அங்கே தட்டுத் தடுமாறி நடக்கிறார். நிரை முழுவதற்கும் வெள்ளை எனாமல் அடித்துவிடலாம் என்கிறார் பெயின்டர். அப்பாவோ கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அம்மாவின் சிரமத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். நிரையைத் தொடாமலே அதைப் பெருமளவு தீர்க்க முடியும்.

நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி அறைக்குள்ளேயே அனுப்பும். கறுத்துப்போன பலகை 10 அல்லது 15 சதவீதத்தை அனுப்பினால் அதிகம். பெயின்டர் வெள்ளை அடிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் கணக்கில் தவறில்லை. அவர் யோசிக்காதது வேறொன்று: உங்கள் நிரை இப்போது காட்டும் நிறம் பலாவின் நிறமே அல்ல. பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். நாளாவட்டத்தில் தேன் நிறத்துக்கும் செம்பழுப்புக்கும் மாறும். கறுப்பு நிறம் அதற்குச் சொந்தமில்லை. அது அடுப்புப் புகை, விளக்குப் புகை, பல தலைமுறையாகப் பூசிய எண்ணெய், அதன்மேல் படிந்த தூசு. உங்கள் பக்கத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரத்துக்குப் பூசும் வழக்கமும் உண்டு. அது பலகையைக் கறுக்க வைத்துவிடும்.

என் தாய்மாமன் வீட்டில் அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் மறைந்திருந்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு டர்பென்டைன் தொட்ட பழைய பருத்தித் துணியால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். முதல் துடைப்பில் துணி கரித்துணி போலாகிவிட்டது. நான்காவது துணி பழுப்பாகத்தான் வந்தது. அதற்குள் பலகையில் அந்த இடம் மட்டும் தேன் பாட்டிலை வெயிலில் பிடித்ததுபோல் தெளிந்து நின்றது. இதே சோதனையைக் கண்ணில் படாத ஓரிடத்தில் நீங்களும் செய்து பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, அருகில் அடுப்போ விளக்கோ எரியாதபடி செய்ய வேண்டும். அந்த முந்திரி எண்ணெய் பூசிய பலகையானால் கையுறையில் கண்டிப்பாக இருங்கள். அது தோலைப் புண்ணாக்கக்கூடியது. சோதனை நன்றாக வந்தால், ஒரு தச்சரை வைத்துக்கொண்டு நிரை முழுவதையும் துடைத்தெடுத்து, நிறம் சேர்க்காத மெழுகையோ பாலிஷையோ மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுங்கள். ‘வால்நட்’, ‘மகோகனி’ என்று நிறம் கலந்து விற்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

இனிமேல் கூரைக்கு வருவோம். ஓட்டு வீட்டில் ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி ஓடு பதிப்பது நம் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை, செலவும் குறைவு. அறைக்கு மேலே பலகைத் தட்டு இருப்பதால் அறைக்கு நேர் மேலே பதித்துப் பயனில்லை. ஆனால் நடு அறைகளுக்கு முன்னும் பின்னும் தட்டு இல்லாத வராந்தாவோ இடைவழியோ நிச்சயம் இருக்கும். அங்கே வாசலுக்கு எதிராக இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகளைப் போட்டு, அந்த வராந்தாவின் சாந்துச் சுவர்களுக்கு மட்டும் நல்ல வெள்ளையடித்தால், வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுக் கதவு வழியாக அறைக்குள் இறங்கும். வெள்ளையடிக்க வேண்டிய இடம் அதுதான், நிரை அல்ல. கதவுகளுக்கு அடர் நிறத் திரை தொங்கினால் இன்றே கழற்றிவிட்டு, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போடுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், தக்கலை அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். எங்கு திரும்பினாலும் மரம். ஆனாலும் அது இருட்டறை போலத் தோன்றாது. வண்ண அபிரக (மைக்கா) தகடு பதித்த ஜன்னல்கள் வழியே வெயிலின் உக்கிரம் குறைந்து ஒளி மட்டும் வருகிறது. கீழே, சுண்ணாம்பு, கருக்கிய சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த கருந்தரை, கறுப்பாக இருந்தும் நீர்ப்பரப்புபோல் அந்த ஒளியை வாங்கித் திருப்பித் தருகிறது. நிறம் கறுப்பாக இருந்தாலும் வழவழப்பு வெளிச்சத்தைப் பெருக்கும் என்பதை அதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் பழைய காவித் தரை இருந்தால் அதைச் சுத்தமாக வைத்து, தடித்த விரிப்புகளால் மூடாமல் விடுங்கள். ஆனால் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழைய முறையை அம்மா நடமாடும் இடத்தில் செய்யாதீர்கள், வழுக்கிவிடும்.

இரவுக்கும் மழைக்காலத்துக்கும் விளக்கு வேண்டும். பலகைத் தட்டின் நடுவே ஒரே பெரிய விளக்கைத் தொங்கவிடுவதால் பயன் குறைவு. மேல்நோக்கிப் போகும் ஒளியைத் தட்டு விழுங்கிவிடும். 20 வாட் விளக்கு ஒன்றுக்குப் பதிலாக 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கை, நிரையை ஒட்டித் தோள் உயரத்தில், ஒளி பலகைமேல் வழிந்து இறங்கும்படி வையுங்கள். அறுபது வயதைக் கடந்த கண்களுக்கு இளையவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் தேவைப்படும். உங்களுக்குப் போதுமானது அம்மாவுக்குப் போதாது. பழைய வீடுகளில் நிலைப்படி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். அதன் பக்கத்தில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். இதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். புதிய விளக்குகள் போடுமுன், மரப்பட்டிக்குள் ஓடும் பழைய ஒயரிங்கை ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது அவசியம். சுற்றிலும் காய்ந்த மரம் இருக்கிறது.

தட்டின் இருட்டு இன்னமும் உறுத்தினால், கல்யாண வீட்டில் மேற்கட்டி கட்டுவார்களே, அதைப்போல் வெள்ளைக் காடாத் துணியை உத்திரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டலாம். விளக்குகளிலிருந்து விலகியிருக்க வேண்டும்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் துவைக்க வேண்டும். மரத்துக்குச் சேதமில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

எனாமலைப் பற்றி ஒரு வார்த்தை. பலாமரத்தின் வைரம் பாய்ந்த உள்கட்டையைச் செதிலாக்கிக் கொதிக்கவைத்து எடுக்கும் மஞ்சள் சாயத்தில்தான் பௌத்தத் துறவிகளின் உடைகளைத் தோய்ப்பது வழக்கமாக இருந்தது. அவ்வளவு சாயம் உள்ள மரம் அது. என் தாய்மாமன் வீட்டின் இன்னோர் அறையில் முறையான ப்ரைமர் (பெயின்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) இல்லாமல் வெள்ளை அடித்தார்கள். மூன்றே மாதத்தில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறைகள் பலகைக்குப் பலகை கிளம்பிவிட்டன. மேலும் இரண்டு பூச்சுக் கொடுத்தும் அடங்கவில்லை. இழைப்பு வேலைப்பாடுகளின் இடுக்குகளில் இறங்கிய பெயின்டை எடுக்க இன்றுவரை வழி தெரியவில்லை. அத்தகைய பலகைகளை இன்று வாங்கப் போனால் கிடைப்பதே அரிது. அப்பா தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: மலைமேல் பழைய பங்களா ஒன்றில் குடியிருக்கிறோம். இடுப்பளவுக்குத் தேக்குப் பலகை பதித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பலகைமேல் வெண்ணிறப் பூசணம் படர்ந்து, துடைத்த பிறகு கருந்திட்டாக நிற்கிறது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் ஈரமான இடத்தில் பூசணத்துக்கு உணவாகும். அறை மேலும் கறுக்கும். மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். நன்றாகக் காயவிட்டு, நிறமற்ற பாலிஷை மட்டும் பூசுங்கள். அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் பலகையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள்; காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் பூசணம் முதலில் பிடிக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பலகைக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று பொருள். வெளிச்சுவரையும் கூரை நீர் வழியும் குழாயையும் பார்க்க வேண்டும். வேறெங்காவது ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்த நேர்ந்தால், எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீடு 1960-களில் கட்டியது. நிலவறை முழுவதும் கடும் பழுப்பு நிறப் பலகைச் சுவர். ஊரிலிருந்து வரும் என் மாமியாருக்கு அதைத்தான் அறையாக ஒதுக்கியிருக்கிறோம். பனிக்காலத்தில் அவர் மனம் சோர்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பெயின்ட் அடிக்கலாமா, பலகைகளைப் பிடுங்கிவிடலாமா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: நீங்கள் தாராளமாகப் பெயின்ட் அடிக்கலாம். நாகர்கோவில் வாசகிக்குச் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம். உங்கள் சுவரும் அவர்கள் சுவரும் ஒன்றல்ல.

வட அமெரிக்காவில் 1950-களிலிருந்து 1970-கள் வரை நிலவறைகளில் பதித்த பலகைகளில் பெரும்பாலானவை 4 அடிக்கு 8 அடி அளவில் வந்த மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடுகள். தனித்தனிப் பலகைகளைப்போல் தோன்றுவதற்காக நெடுக்குவாட்டில் கோடு வெட்டியிருப்பார்கள். கோடுகள் ஒழுங்கின்றி இருப்பதுபோல் தெரிந்தாலும், 16 அங்குலத்துக்கு ஒரு கோடு தவறாமல் வரும். பின்னாலுள்ள மரச்சட்டத்தில் ஆணி அடிப்பதற்கான ஏற்பாடு அது. பல தகடுகளில் மேலே தெரியும் மரரேகைகூட அச்சிட்டதுதான். ஒரே முடிச்சு, ஒரே சுழி, தகட்டுக்குத் தகடு அதே உயரத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அச்சு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவிட்சின் மேல்மூடியைக் கழற்றி வெட்டுமுகத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அசல் பைன் மரமாக இருந்தால் ரேகை உள்ளே வரை ஓடும்.

முதலில் ஈரம். நிலவறைப் பலகையின் அடிப்பகுதியில் கறையோ உப்பலோ, மூடிய அறையைத் திறந்ததும் மண்வாடையோ இருந்தால், பெயின்டை மறந்துவிட்டு ஓரிடத்தில் தகட்டைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். பூசணத்தை மூடி வெள்ளை அடிப்பது மாமியாரின் மூச்சுக்குக் கெடுதி. அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பலகைகளைப் பிடுங்குவது பின்னால் ஈரம் இருந்தால் மட்டுமே தேவைப்படும் வேலை. சும்மா பிடுங்கினால் பின்னால் என்ன இருக்கும், அதை மூட என்ன செலவாகும் என்பது பிடுங்கிய பிறகே தெரியவரும்.

உலர்ந்த சுவர் என்றால் வேலையைத் தொடங்கலாம். பழைய மெழுகும் கைபட்ட எண்ணெய்ப்பசையும் போக, சோப்புக் கரைசலால் கழுவித் துடைத்து ஒருநாள் காயவிடுங்கள். பிறகு 150 அல்லது 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் உரசுங்கள்; மேல்தாள் மிக மெல்லியது, அழுத்தினால் கிழிந்துவிடும். ஏற்கெனவே யாராவது பெயின்ட் அடித்த பலகையாக இருந்தால் உரசுமுன் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்களில் ஈயம் இருந்திருக்கக்கூடும்.

அடுத்தது ப்ரைமர். வேலை நிற்பதும் கெடுவதும் இதில்தான். பலகையின் சாயமும் பைன் முடிச்சுகளின் பிசினும் மேலே கசியாமல் தடுக்க, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் ப்ரைமரே நம்பகமானது. நம்மூர் பிரெஞ்சு பாலிஷும் இதே அரக்கில் செய்வதுதான். நெடி கடுமையாக இருக்கும், தீப்பற்றும். ஹீட்டரின் தீச்சுடர் அணைந்திருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆகவே இந்த வேலையைக் கோடையிலேயே, மாமியார் வருமுன் முடித்துவிடுங்கள். அதன்மேல் நீரில் கரையும் பெயின்ட் இரண்டு பூச்சு, மெல்லிய மினுமினுப்பு உள்ளதாக. கண்ணாடிபோல் பளபளக்கும் பெயின்ட் பழைய தகட்டின் மேடுபள்ளங்களையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கோடுகளை மக்கு (புட்டி) வைத்து அடைக்கச் சொல்வார்கள், அடைக்காதீர்கள். பனிக்காலத்தில் மரம் சுருங்கும்போது அத்தனை கோடும் விரிசலாக வெளியே வரும். வெள்ளைச் சுவரில் அந்தக் கோடுகள் அழகாகவே இருக்கும்.

நிறத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சூரிய ஒளி குறைந்த அறையில் தூய வெள்ளை சாம்பலாகத் தெரியும். நெய் உருகி உறையும்போது வருமே, அந்த இளமஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் கடைசியில் உங்கள் ஊரில் பகல் 9 மணி நேரத்துக்கும் குறைவு. அறைச்சுவர் கொஞ்சமாவது வெயிலின் நிறத்தில் இருக்கட்டும். ஜன்னல் சிறிதாக உயரத்தில் இருந்தால், அதன் எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். சாமிப்படத்துக்கு மாமியார் கண்ணில் படும்படி ஓரிடம் ஒதுக்கி, அதற்குத் தனியாக ஒரு விளக்குப் போடுங்கள். எல்லாம் முடிந்தபிறகும், பகலில் அவர் மேலே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்த ஜன்னலுக்கு ஈடாகாது.

கேள்வி: வேளச்சேரியில் வாடகை ஃபிளாட். ஹாலில் மூன்று சுவர்களுக்கு வீட்டு உரிமையாளர் கறுப்புக்கு அடுத்த பழுப்பில் லேமினேட் பலகை ஒட்டியிருக்கிறார். பெயின்ட் அடிக்கவோ ஆணி அடிக்கவோ அனுமதி இல்லை. டியூப் லைட் இரண்டு போட்டும் மங்கலாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பதில்: டியூப் லைட் மூன்றாக ஆனாலும் அப்படித்தான் இருக்கும்; எண்ணிக்கை அல்ல, ஒளியின் நிறம்தான் கோளாறு. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் எல்.இ.டி. டியூப்கள் 6500 கெல்வின் என்னும் நீலம் கலந்த வெள்ளை ஒளியைத் தருபவை. பழுப்பு மரத்தின் உயிர் அதன் சிவப்பிலும் மஞ்சளிலும் இருக்கிறது. நீலம் தூக்கலான ஒளி பட்டால் அது சாம்பல் பூத்துச் செத்த நிறமாகிவிடும். கடையில் 6500 கெல்வின் பல்பு ஒன்றும் மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் பல்பு ஒன்றும் வாங்கி, உங்கள் சுவரின் ஒரே பலகைக்கு இருபுறமும் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அடுப்படிச் சுவர் போலவும் மறுபக்கம் வீணைக்குடம் போலவும் தெரியும். மஞ்சள் வெளிச்சம் உஷ்ணமாகத் தோன்றுகிறது என்று சென்னையில் பலர் சொல்வதுண்டு. அப்படியானால் பொது விளக்குக்கு 4000 கெல்வினும், சுவரோரம் நிற்கும் விளக்குகளுக்கு 3000 கெல்வினும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண் (CRI) 90 அல்லது அதற்குமேல் இருந்தால் நல்லது.

விளக்கை நடுக்கூரையில் வைத்துப் பயன் குறைவு என்று நாகர்கோவில் வாசகிக்குச் சொன்னேன். உங்கள் கூரை வெள்ளைக் காரை என்று நினைக்கிறேன்; அப்படியானால் அது பெரிய வசதி. உயரமான நிற்கும் விளக்கு இரண்டை மூலைகளில் வைத்து ஒளியை மேல்நோக்கித் திருப்புங்கள். கூரை முழுவதும் ஒரு விளக்காக மாறி, நிழல் இல்லாத வெளிச்சத்தை இறக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் (ஒளியின் அளவு) தரும். அத்தகைய பல்புகள் இரண்டு மூன்று இருந்தாலே ஹாலின் முகம் மாறிவிடும்.

அடுத்தது ஜன்னல். திரைக்கம்பி ஜன்னலின் அகலத்துக்குச் சரியாக இருந்தால், திறந்த திரைகூடக் கண்ணாடியில் கால்பங்கை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆணி அடிக்காமல் இரு பக்கச் சுவர்களுக்கு இடையே இறுகி நிற்கும் கம்பிகள் கிடைக்கின்றன. அதை மாட்ட இடமிருந்தால், திரை முழுவதும் பக்கத்துக்கு ஒதுங்கும்படி செய்யுங்கள். கரூரில் நெய்த வெளிர்நிறப் பருத்தித் திரை போதும். ஜன்னலுக்குச் செங்குத்தான சுவரில், தரையில் நிறுத்திச் சாய்க்கும் 2 அடிக்கு 5 அடிக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். அடி வழுக்கி விழாதபடி கீழே ரப்பர் கட்டை கொடுக்க மறக்காதீர்கள். கண்ணாடியை எங்கே வைத்தாலும், அது எதைக் காட்டுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். இன்னொரு பழுப்புச் சுவரைக் காட்டினால் இருட்டு இரட்டிப்பாகும். வானத்தையோ வேப்பமரத்தையோ காட்ட வேண்டும்.

பழுப்புக்கு எதிரான நிறம் நீலம். அவுரி நீலத்தில் இரண்டு மெத்தைத் திண்டுகள், வெளிர் சோபா உறை, தரையில் ஒரு பத்தமடைப் பாய் என்று வைத்தால் பலகை பின்னுக்குப் போய்ப் பொருள்கள் முன்னுக்கு வரும். ஒரு சுவரையேனும் முழுதாக மறைக்க விரும்பினால், அதே இறுகு கம்பியில் கூரையிலிருந்து தரைவரை வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடலாம். காலி செய்யும் நாளில் சுருட்டி எடுத்துப்போகலாம். தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் அதை அந்தக் கறுத்த பலகைச் சுவருக்கு முன் ஒரு மேசைமேல் சாய்த்து, பக்கத்தில் 3000 கெல்வின் விளக்கு ஒன்றை ஏற்றுங்கள். வெள்ளைச் சுவரில் அந்தத் தங்க ரேக்கு இவ்வளவு சுடர்விடாது. இரட்டை ஒட்டு நாடா மட்டும் வேண்டாம். லேமினேட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால் முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: புது வீடு கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹால் முழுவதும் மரப்பலகை பதிக்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். இருட்டாகிவிடும் என்று நான் அஞ்சுகிறேன். நடுவழி ஏதும் உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குக்குக் குறைவில்லை. தூண், உத்திரம், நிலை, கதவு எல்லாம் கறுத்த தேக்குதான். ஆனால் அந்த மரத்தைச் சுற்றிலும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த வழவழப்பான வெண்சுவர். நடுவே வானம் திறந்த முற்றம். மரம் அங்கே வெளிச்சத்துக்குக் கரை கட்டுகிறதே தவிர, வெளிச்சத்தை மூடுவதில்லை. உங்கள் கணவருக்கு அந்த வீடுகளில் ஒன்றைக் காட்டி, ஹாலின் நான்கு சுவர்களில் எத்தனை மரம், எத்தனை வெள்ளை என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

ஜன்னல் இருக்கும் சுவரில் பலகை பதிக்காதீர்கள். பிரகாசமான ஜன்னலும் பக்கத்தில் இருண்ட பலகையும் சேர்ந்தால் கண் கூசும். ஜன்னலுக்கு எதிரே உள்ள ஒரே சுவரில் பதியுங்கள். அல்லது மூன்று சுவர்களிலும் 3 அடி உயரத்துக்கு மட்டும் பதித்து, மேலே வெள்ளையாக விடுங்கள். சோபாவின் முதுகும் குழந்தைகளின் கையும் படும் உயரம் அதுதான். ஆகவே அழகோடு பயனும் சேரும். இந்த இரண்டில் நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பலகைக்கு அடியில் போகும் பிளைவுட் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறையோடு ஒட்டிய சுவராக இருந்தால் ஐ.எஸ். 710 (நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி) முத்திரை உள்ளது வேண்டும். மற்ற உட்சுவர்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.எஸ். 303 போதும். புதுச் சாந்து நன்றாக உலருமுன் பலகை ஏற்றினால் பின்னால் ஓதம் தங்கி, நாளடைவில் கரையான் மண்கோடு தெரியலாம். சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். சுவரோடு அப்படியே ஒட்டாமல், அடியில் மரரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அரை அங்குலமாவது காற்றுப்போக இடம் விடச் சொல்லுங்கள். அந்த ரீப்பர்களுக்குக் கரையான் மருந்து அடித்தார்களா என்று பலகை ஏறுமுன் நீங்களே நின்று பார்த்துவிடுங்கள். ஏறிய பிறகு பார்க்க முடியாது.